கோவில் முகட்டுல நின்னுபோன ஜெசிந்தா அக்கா குரல்

தொபியாஸ் மாமா பொன்னாடையோட பீடத்துப் படியேறி வந்து, எங்க பாடகர் குழுவ நடத்திக்கிட்டிருந்த ரெஜினால்டு அண்ணன் மேல தூக்கி வச்சிருந்த ரெண்டு கையையும் சேத்துப் போத்தி விட்டாவ பாருங்க, அந்த நொடியிலதான் எல்லாம் கெட்டுச்சு, ஏன்னா பாட்டு இன்னும் முடியல.

முடியலன்னு எங்களுக்குத்தான் தெரியும். திருநாள் விழாவுக்குக் கோவில் நிறைய உக்காந்திருந்த புன்னைமுனை ஊருக்குத் தெரியாது. அவிய பட படன்னு கை தட்டிட்டாவ. மைக்கப் புடிச்சிருந்த பையன் "பாடகர் குழுவினருக்கு நன்றி"ன்னு சொல்லிட்டான். ரெஜினால்டு அண்ணன், தபசு காலத்துல மாதா சுரூபத்த துணி போட்டு மூடி வைப்பாங்கல்ல, அந்த மாதிரி சரிகைப் பொன்னாடைக்குள்ள கையத் தூக்குனபடிக்கே நிக்குறாவ, தலை மட்டும் வெளிய.

(நான் இத மெடிக்கல் ஷாப்புல உக்காந்து ஆள் வராத நேரத்துல டைப் பண்ணுதேன், அங்கங்க விட்டு விட்டு வரும், கோவிச்சுக்காதீங்க.)

அது என்ன பாட்டுன்னு சொல்லணும். ஐநூறு வருஷத்துக்கு முந்தி கடலுக்கு அந்தப் பக்கம் எங்கயோ ஒரு கல் கோவிலுக்காக எழுதுன லத்தீன் பூசைப் பாட்டு. கீபோர்டு கிடையாது, தபேலா கிடையாது, ஆர்கன்கூட கிடையாது, நாலு வகைக் குரல் மட்டும்தான், நாலு வள்ளம் ஒரே காத்துல பாய் விரிச்சு ஒண்ணையொண்ணு இடிக்காம, ஒண்ணு போன தடத்துலயே இன்னொண்ணு வந்து, ஒண்ணு பின்தங்கும்போது இன்னொண்ணு முந்தி, அப்படியே போய்க்கிட்டே இருக்கும், கேக்கக் கேக்க நம்ம உக்காந்திருக்கிற பெஞ்சே லேசா மிதக்குற மாதிரி இருக்கும். உப்பளத்துல சூப்பர்வைசரா இருக்குற ரெஜினால்டு அண்ணன் ஒரு நாள் பாத்தி ஓரமா நின்னு போன்ல இதக் கேட்டுட்டு, வெயிலையும் மறந்து நின்னு, மயங்கி விழுந்து, எந்திரிச்சதும் "நம்ம கோவில்ல இதப் பாடணும்"னு சொன்னாவ. திருநாளுக்கு கும்மிப் பாட்டு பாடிக்கிட்டிருந்த எங்களப் புடிச்சுப் பழக்குனாவ. ஊர்ல எல்லாரும் சிரிச்சாவ. "ஏட்டி ரினிட்டா, நீங்க பாடுறதுக்குத் தலையாட்டக்கூடத் தாளம் இல்லையே, எதப் புடிச்சுக் கேக்குறது?"ன்னு எங்கம்மாவே கேட்டா.

இந்தப் பாட்டுல தொங்கல்னு ஒண்ணு உண்டு. நாங்களா வச்ச பேருதான். ஒரு குரல் தன் சுரத்தப் புடிச்சுக்கிட்டு நகராம நிக்கும். மத்த குரலெல்லாம் கீழ நகந்துரும். இவ்வளவு நேரம் இனிச்ச சுரம் இப்ப உரசும், பல்லு கூசும். அப்புறம் அந்தக் குரல் ஒரே ஒரு படி இறங்கும் பாருங்க, இறுக்கிக் கட்டுன செருப்ப அவுத்த மாதிரி உடம்பெல்லாம் ஒரு நிம்மதி. பாட்டோட கடைசி வார்த்தை 'பாச்செம்', சமாதானம்னு அர்த்தம். அதுல 'பா'ங்குற இடத்துல மத்த எல்லாரும் நிறுத்திருவாங்க, ஆல்ட்டோங்குற பொம்பளைங்க கீழ்க்குரல் மட்டும் தொங்கும், அப்புறம்தான் மத்தவங்க வந்து உரசி, இறக்கி, 'செம்'னு முடிப்பாங்க.

ஆல்ட்டோன்னா நானும் ஜெசிந்தா அக்காவும்தான். நீள சுரம் வந்தா ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திருட்டு மூச்சு எடுப்போம், ஒருத்தி வாய மூடி மூச்ச இழுக்குற நேரத்துல இன்னொருத்தி புடிச்சிருப்பா, கேக்குறவங்களுக்கு ஒட்டே தெரியாது. மாமா படியேறி வந்த நேரம் நான் மூச்சு எடுத்துக்கிட்டிருந்தேன். அக்கா மட்டும் ஒத்தையா 'பா'வுல நின்னா. மாமா பாவம் என்ன செய்வாவ? ஊர் கமிட்டித் தலைவர், பக்கத்துல இருந்த சிறப்பு விருந்தினருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாச்சு, மடியில பொன்னாடை ரொம்ப நேரமாப் பிரிச்சே இருக்கு. எல்லாரும் நிறுத்துனதும் முடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சுட்டாவ.

கைதட்டுல பயந்து அக்கா வாய மூடிட்டா. கைதட்டு அடங்குச்சு. சுரம் அடங்கல. அக்கா வாயப் பொத்திக்கிட்டு மேல பாத்தா, நாங்களும் பாத்தோம், முகட்டு வளைவுல, புறா உக்காருற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, 'பா'ன்னு அவ குரல் தொங்கிக்கிட்டு நிக்கி.

அடுத்த நிகழ்ச்சி சின்னப் பிள்ளைங்க டான்ஸ். கீபோர்டு வாசிக்கிற பையன் ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேட்டுட்டு, "மேல ஒண்ணு ஓடுது மக்கா, சுதிய மாத்திக்குவோம்"னு சொல்லி, பட்டன ரெண்டு தட்டு தட்டி மாத்திக்கிட்டான். டான்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு.

மறுநாள் காலையில ஜெசிந்தா அக்கா கடற்கரைக்கு ஏலம் விடப் போனா. அக்காதான் எங்க ஊர் மீன் ஏலத்துக்கு வாய். அவ கூப்பிட்டா வள்ளம் இன்னும் கரை தட்டாதவங்களுக்கும் கேக்கும். கூடை முன்னால நின்னு வாயத் திறந்தா, காத்துதான் வந்துச்சு. சத்தம் இல்ல. தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனோம். தொண்டை டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, "எல்லாம் நல்லா இருக்கும்மா, குரல் மட்டும் இங்க இல்ல, வேற எங்கயோ இருக்கு"ன்னு சாதாரணமா சொல்லி, சப்புற மாத்திரை எழுதிக் குடுத்தாரு. என் கடையிலதான் வாங்குனா.

ஒரு வாரத்துல ரெஜினால்டு அண்ணன் எங்களச் சேத்து, "விட்ட இடத்துலேந்து புடிப்போம், நம்ம உரசுனா அது இறங்கும், அக்கா வாய்க்கு வந்து சேந்துரும்"னு சொன்னாவ. பாடுனோம். ஆனா ஊரே வேடிக்கை பாக்க வந்து நின்னுச்சா, உரசுற இடம் வந்ததும் எங்களுக்குக் கூச்சமாப் போச்சு. கேக்குறவங்க முகம் சுழிக்குமேன்னு பூனை மாதிரி நடந்தோம். மேல இருந்த சுரம் சாமியார் அங்கி காத்துல ஆடுற மாதிரி லேசா ஆடிட்டு, அங்கயே நின்னுக்கிச்சு. "போதும், இருக்குற பாட்டே நல்லாத்தான் இருக்கு, இனி நீங்க பாட வேண்டாம்"னு பங்குச்சாமி பாட்டுப் பழக எங்ககிட்ட குடுத்திருந்த கோவில் சாவிய வாங்கி இடுப்புல போட்டுக்கிட்டாவ.

இருங்க, ஒருத்தர் இருமல் மருந்துக்கு வந்திருக்காரு.

வந்துட்டேன். அப்புறம் என்ன, ஊர் அதோட வாழப் பழகிருச்சு. கடலுக்குப் போறவங்க வாடைக்காத்துல அந்தச் சத்தத்தக் காதுல வாங்கி வள்ளத்தக் கரைக்குத் திருப்புனாங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அந்த சுரத்துல ஆரம்பிச்சுத்தான் வாய்ப்பாடு சொல்லுச்சுங்க. மிக்சி வாங்கப் போனவங்க கடையில ஓட்டிப் பாத்து, கோவில் சத்தத்தோட சேருறதத்தான் வாங்குனாங்க. பக்கத்து ஊர்லேந்து ஒரு பாய், விடாம அழுற பேரப் பிள்ளையத் தோள்ல போட்டுக் கூட்டிட்டு வந்து சத்தத்துக்கு நேர் கீழ நின்னாரு, பிள்ளை தூங்கிருச்சு, அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் பிள்ளைக்காரங்க எல்லாம் வர ஆரம்பிச்சு, கோவில் வாசல்ல பாய் போட்டு, செருப்பு விட, தொட்டில் மாட்டன்னு இடம் ஒதுக்க வேண்டியதாப் போச்சு. கல்யாண பேண்டு செட்டுக்காரங்க எங்கெங்கிருந்தோ வந்து சுதி சேத்துட்டுப் போனாங்க. புறாக்கூட அந்த சுரத்துலதான் கூவுச்சு.

அக்கா மக ஆன்ஸிக்கு மூணு வயசு. அம்மா பேசிக்கிட்டே இருந்தாத்தான் தூங்குற பிள்ளை. அது கொஞ்ச நாள் அக்கா வாயையே பாத்துச்சு, அப்புறம் சாயங்காலமானா "அம்மாட்ட போறேன்"னு சொல்லி, அக்கா கையப் புடிச்சே அக்காவ இழுத்துக்கிட்டு கோவிலுக்குப் போகும். தரையில மல்லாந்து படுத்து மேல பாத்துச் சிரிக்கும். பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுக்குற அக்காவ அது எங்கள மாதிரியே "ஜெசிந்தாக்கா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. முதல் தடவ அப்படிக் கூப்பிட்ட அன்னைக்கு அக்கா என்னப் பாத்தா. நான் மேல முகட்டப் பாத்தேன்.

இன்னொன்னும் நடந்துச்சு, மெதுவாத்தான் தெரிஞ்சுது. ஊர்ல எதுவும் முடிய மாட்டேங்குது. சுரம் இறங்காம நிக்குதுல்ல, அதுக்குக் கீழ இருக்குறதெல்லாம் அப்படியே நிக்கி. வேலித் தகராறுல பேசித் தீக்க உக்காந்தவங்க காபி குடிச்சுக் குடிச்சு உக்காந்தே இருந்தாங்க. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவங்க "அப்புறம்?" "அப்புறம்?"னு சொல்லிக்கிட்டே நின்னதுல டிரைவர் சீட்ட விட்டு இறங்கி நிழல்ல படுத்துட்டாரு. நிறைமாசமா இருந்த ரெண்டு பொண்ணுங்க நிறைமாசமாவே நடமாடுச்சுங்க. பங்குச்சாமி பிரசங்கத்தப் பத்தி மட்டும் யாருக்கும் வித்தியாசம் தெரியல. யாரும் சாகவும் இல்ல. அதுனால யாருக்கும் இது குறையாப் படல. முடியாம இருக்குறதும் ஒரு சுகம்தான, விடியக்காலத் தூக்கம் மாதிரி.

தொபியாஸ் மாமா வீட்டு செலஸ்டினா அத்தைக்கு வயித்துல கட்டி. திருநாள் வரைக்கும்தான்னு டாக்டருங்க சொல்லியிருந்தாங்க. திருநாள் போய் மழைக்காலம் வந்து, மழையும் விட்டுப் போச்சு, அத்தை அப்படியே படுத்திருந்தாவ, கூடவும் இல்ல குறையவும் இல்ல. அவிய வீடு கோவிலுக்கு எதுத்த மாடி வீடு. மாமா சத்தம் வர்ற பக்கத்து ஜன்னல ராத்திரி பகலாத் திறந்தே வச்சிருந்தாவ. கோவில்ல யாராவது தும்முனாக்கூட ஓடி வந்து மேல பாப்பாவ.

வலி மருந்து குடுக்க நான் அங்க போற நாள்ல ஜெசிந்தா அக்காவும் கூட வந்தா. எதுக்கு வாரான்னு எனக்குத் தெரியும். 'என் குரல் அங்கயே இருக்கட்டும், அத்தை இருக்கட்டும்'னு சொல்ல வந்தா. சொல்ல வாய் இல்லாததால அத்தை காலத் தொட்டு, மேல கையக் காட்டி, நெஞ்சுல கைய வச்சு, தலைய ஆட்டுனா.

"என்னத்த இருக்கட்டும்?" அத்தை தலையணையில சாஞ்சு உக்காந்தாவ. "ஏட்டி, கல்யாணப் பந்தியில உக்காந்து சாப்பிட்டாச்சு, வயிறும் நெறஞ்சாச்சு, இலைய மூடப் போனா, உங்க மாமா கையப் புடிச்சுக்கிட்டு இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டின்னு ஊத்திக்கிட்டே இருக்காவ. எந்திரிக்க விடுறாவளா? பின்னால அடுத்த பந்திக்கு ஆளு நிக்கி."

"பேசாம இரு செலஸ்டி," மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னாவ.

"நான் பேசுவேன். எனக்கு வாய் இருக்கு. அந்தா அவளுக்குத்தான் இல்ல."

"ஊரே அதக் கேட்டுத்தான் தூங்குது. கைப்பிள்ளைங்க எத்தன வருது பாத்தியா?"

"ஊருக்காகவா ஜன்னலத் திறந்து வச்சிருக்கிய? எங்கிட்டயே கதையா?"

மாமா திரும்புனாவ. முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "நான் தெரியாம ஒரு பொன்னாடை போத்துனேன். அதுல நீ எனக்குக் கெடச்ச. இப்ப தெரிஞ்சே உன்ன விடச் சொல்லுதியா?"

கோவில் சத்தம் மட்டும் ரூமுக்குள்ள வந்து நின்னுச்சு.

"ஆமா," அப்படின்னாவ அத்தை. அப்புறம், "இவ பிள்ளை இவள அக்காங்குது. எனக்குப் பிள்ளை இல்லன்னாலும் அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம இருக்குமா? ஏட்டி ரினிட்டா, பங்குச்சாமியார வரச் சொல்லு, அந்தச் சாவிய நான் கேட்டேன்னு சொல்லு."

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை கலைஞ்சதும் நாங்க எல்லாரும் கோவில்ல கூடுனோம். கதவ விரியத் திறந்து வச்சு, ரெஜினால்டு அண்ணன் வாசப்படியில நின்னு, எதுத்த மாடியப் பாத்துக்கிட்டே இருந்தாவ. "இன்னைக்கு மாமாதான் கை காட்டணும். அவிய காட்டாம நான் தொடங்க மாட்டேன். உரசுற இடத்துல யாராவது கூச்சப்பட்டிய, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதிய. அந்தக் காலத்துல இத எழுதுனவன் நம்ம காதுக்கு இனிக்கணும்னு எழுதல. வலிச்சுத்தான் இறங்கணும்னு எழுதியிருக்கான்."

ஜெசிந்தா அக்கா என் பக்கத்துல, அவ நின்ன அதே கல்லுல நின்னு, வாயத் திறந்து வச்சிருந்தா. ஆன்ஸி தரையில படுத்து மேல பாத்துக்கிட்டிருந்துச்சு. மாடியில ரொம்ப நேரம் யாரும் வரல. பங்குச்சாமி மணியப் பாத்தாவ. அண்ணன் அசையல. அப்புறம் மாமா வந்தாவ. வெள்ளை வேட்டி சட்டை, தலை சீவியிருந்தாவ. கையத் தூக்குனாவ. தூக்குன கை மேலயே நின்னுச்சு, இந்தக் கையும் இறங்காதோன்னு நாங்க நினைச்ச நேரத்துல, இறக்கிட்டாவ.

ஆம்பளைங்க அடிக்குரல், பாஸ், முதல்ல வந்துச்சு, தரைக் கல்லுக்கு அடியிலேந்து வர்ற மாதிரி. ஆம்பளைங்க மேல்குரல், டெனர், மேலேந்து வந்து அக்கா சுரத்துக்குப் பக்கத்துலயே தோளோட தோளா நின்னு இடிச்சுது. அப்படி ஒரு உரசல நான் கேட்டதே இல்ல. யாரும் பூனை நடை நடக்கல. கண்ணாடி ஜன்னல் நடுங்குச்சு, மெழுகுதிரி எல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சு எரிஞ்சுது, புறா அத்தனையும் வாசல் வழியா வெளிய பறந்துச்சு, வாசல்ல போட்ட பாயில தூங்குன பிள்ளைங்க எல்லாம் ஒரே நேரத்துல முழிச்சு அழுதுச்சு, நாங்க விடல, நான் திருட்டு மூச்சு எடுக்கல, கண்ணுல தண்ணி வந்துச்சு, இன்னும் இன்னும்னு நின்னோம், அப்பதான் மேல நின்ன சுரம் சோம்பல் முறிச்ச மாதிரி ஒரு அசைவு அசைஞ்சு, ஒரே ஒரு படி இறங்குச்சு, முகட்டுலேந்து தூண் உயரத்துக்கு, தூண்லேந்து எங்க தலைக்கு, அங்கேந்து அக்காவோட திறந்த வாய்க்கு. "செம்"னு முடிச்சோம். அக்காவும் சேந்து முடிச்சா.

அதுக்கப்புறம் சத்தம் இல்ல. சத்தம் இல்லாத கோவில் எப்படி இருக்கும்னே எங்களுக்கு மறந்து போயிருந்துச்சு. எங்கயோ ஒரு ஃபேன் கிரீச்சுங்குது. கடல் கேக்குது. இவ்வளவு பக்கத்துலயா இருக்கு கடல்?

அத்தை கடைசியா என்ன சொன்னாவன்னு மாமா பிறகுதான் சொன்னாவ. சந்தையிலேந்து வந்து ரெண்டு பையையும் கீழ வச்சுட்டு உக்காருற மாதிரி, "அப்பாடா"ன்னு சொன்னாவளாம். அவ்வளவுதான்.

அந்த வாரம் ஊர்ல எல்லாம் முடிஞ்சுது. வேலித் தகராறு முடிஞ்சு கல்லு நட்டாச்சு. ரெண்டு பிள்ளையும் பொறந்தாச்சு, ஒண்ணு ஆண், ஒண்ணு பொண்ணு. பஸ் புறப்பட்டுச்சு, போனவங்க போய்ச் சேந்துட்டோம்னு போன் பண்ணுனாங்க. கைப்பிள்ளைக்காரங்க வந்து பாயச் சுருட்டிக்கிட்டுப் போனாங்க, கொஞ்சம் கோவத்தோடதான். அத்தை அடக்கத்துக்கு ஊர் மொத்தமும் வந்துச்சு. மாமா எங்களப் பாடச் சொல்லல, நாங்களும் கேக்கல. ஆனா அவிய ஜெசிந்தா அக்கா பக்கத்துல வந்து நின்னு, "ஏதாவது பேசு பிள்ள"ன்னாவ. அக்கா "என்ன மாமா பேச?"ன்னு கேட்டா. "போதும்"னு சொல்லித் தலையாட்டிட்டு நடந்தாவ.

அக்கா குரல் இப்ப முன்ன விட ஒரு படி கீழ இருக்கு. இறங்குன சுரம்ல, அப்படியே தங்கிருச்சு. ஆன்ஸி ரெண்டு நாள் கோவில் தரையில படுத்து "அம்மா போயிட்டா"ன்னு அழுதுச்சு. அக்கா கூப்பிட்டா திரும்பிப் பாக்கும், நம்பாது. மூணாவது நாள் அக்கா அதத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டே ஏலம் விட்டா. சீலா மீன் கூடை முன்னால நின்னு, அந்தப் புதுக் கனத்த குரல்ல அவ கூப்பிட, தூரத்துல வந்த வள்ளமெல்லாம் நிமுந்து பாத்துச்சு. அவ இடுப்பெலும்பு அதிந்ததுல பிள்ளையும் சேந்து அதிந்துச்சு போல. அது கைய நீட்டி அக்கா வாய்க்குள்ள விரல விட்டு, பல்லத் தடவி, நாக்கத் தொட்டு, இன்னும் உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாத்துச்சு.

"இங்கயா இருக்க?"ன்னு கேட்டுச்சு.

அக்கா விரல வாய்ல வச்சுக்கிட்டே "ஆமா"ன்னா. ஏலம் கேக்க நின்னவங்க அத்தன பேரும் பொறுமையா நின்னாங்க. பிள்ளை யோசிச்சுச்சு. "சரி, அம்மா"ன்னு சொல்லி அவ தோள்ல படுத்துக்கிச்சு.

கடையில ஆள் வந்துட்டாங்க, நான் போகணும். ஆனா இத மட்டும் கேட்டுட்டுப் போறேன். உங்க ஊர்லயும் யாரோ அவசரப்பட்டதுல யாரு குரலாவது இப்படிப் பாதியில மேலயே நின்னுபோயிருக்கா? அதுக்குக் கீழ நீங்களும் சுகமாப் படுத்துத் தூங்கியிருக்கீங்களா? அத இறக்கச் சொல்லி முதல்ல கேட்டது யாரு?